டெல்லிப் பள்ளித் தோட்டம்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்க்க வேண்டும்

டெல்லியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். ஒன்பது வருடமாகப் பள்ளித் தோட்டமும் என் பொறுப்பு. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள். தோட்டத்தில் ஏதாவது கெட்டுப் போனால் ஆரம்பத்தில் மண்ணைச் சந்தேகப்பட்டேன், விதையைச் சந்தேகப்பட்டேன், தண்ணீர் ஊற்றிய மாலியை, அதாவது தோட்டக்காரரைக்கூடச் சந்தேகப்பட்டேன். பெரும்பாலும் தவறு தேதியில்தான் இருந்தது. இங்கே மூன்று நாள்காட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன: டெல்லி மண்ணின் பருவம், பள்ளியின் விடுமுறைப் பட்டியல், தமிழ்நாட்டு ஊரிலிருந்து நாம் மனதில் கொண்டுவந்த விதைப்புப் பட்டம். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும், மருந்து தேடும் முன் "எந்தத் தேதி தப்பியது?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

விதை போட்டு இரண்டு வாரம் ஆகியும் ஒன்றும் முளைக்கவில்லை

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஊரில் தைப்பட்டத்தில் வெண்டை போடுவோம், சுரை, பீர்க்கை எல்லாம் போடுவோம். பொங்கல் முடிந்த கையோடு அதே ஆசையில் இங்கே விதைத்தால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். டெல்லி ஜனவரியில் இரவு வெப்பம் 5, 6 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். ஆய்வகத்தில் இருக்கும் ஆல்கஹால் தெர்மாமீட்டரை எடுத்து வாருங்கள். பென்சிலால் மண்ணில் முதலில் துளை போட்டு, அதற்குள் மெதுவாக இறக்குங்கள். நேராகக் குத்தினால் கண்ணாடி உடையும். காலை எட்டு மணிக்கு, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் 15 டிகிரிக்குக் கீழே காட்டினால் வெண்டை, சுரை விதைப் பொட்டலத்தைத் திறக்கவே வேண்டாம். பிப்ரவரி நடுவில் மண் மெல்லச் சூடேறும். அதுவரை தினமும் ஒரு பிள்ளை அளந்து கரும்பலகையில் எழுதட்டும். விதைக்கும் நாளைக் குழந்தைகளே அறிவிப்பார்கள், அதில் அவர்களுக்கு இருக்கும் பெருமையே தனி.

ஆடிப்பட்டம் மட்டும் இங்கேயும் ஓரளவு கைகொடுக்கும். டெல்லிக்குப் பருவமழை வரும் வழக்கமான நாள் ஜூன் 27 வாக்கில். ஜூலையில் பள்ளி திறந்ததும் காராமணி, வெண்டை, கொத்தவரை, அவரை போடலாம். அவரை பல வாரம் கொடியாகவே ஓடும், பூவே இருக்காது. "மிஸ், இது ஆண் கொடியா?" என்று ஒரு வருடம் கேட்டார்கள். நாட்டு அவரைக்குப் பகல் பொழுது சுருங்க வேண்டும், அப்போதுதான் பூக்கும். அக்டோபர் வரை பொறுங்கள். உரம் போட்டு அவசரப்படுத்தினால் இலைதான் கூடும்.

மாதம் சரியாக இருந்தும் முளைக்கவில்லையா? பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி நான்கைந்து நாள் வகுப்பறையில் வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் விதையில் குறை இல்லை, ஆழத்தில் இருக்கிறது. சின்னக் கைகள் விரல் முழுக்க மண்ணில் விட்டு விதைக்கும். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கொத்தமல்லி என்றால் விதையை உருட்டி இரண்டாக உடைத்துப் போட்டு, இரண்டு வாரம் காத்திருங்கள். அடுத்த நாளே தோண்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு கண்ணாடி டம்ளரில் ஓரமாக நாலு விதை போட்டு வைப்பேன். தோண்டாமலே வேரைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஜூலையில் செழித்த பாத்தி டிசம்பரில் வெளிறி நீண்டு சாய்கிறது

இதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. கட்டடத்துக்கு வடக்குப் பக்கம், நல்ல மண், பக்கத்திலேயே குழாய். ஜூலையில் வெண்டை ஆள் உயரம் வந்தது. அதே பாத்தியில் பாலக்கும் பட்டாணியும் போட்டேன். எல்லாம் ஒல்லியாக வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்தன. தொழு உரம் போட்டேன், தண்ணீரைக் குறைத்தேன், ஒன்றும் ஆகவில்லை.

காரணம் நிழல். டிசம்பர் 21 அன்று டெல்லியில் நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரம்தான் ஏறும். மூன்று மாடிக் கட்டடம் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்பகல் நிழல் வடக்கே ஏறக்குறைய 13 மீட்டர் நீளும். ஜூன் 21 அன்று அதே கட்டடத்தின் நிழல் ஒரு மீட்டருக்கும் குறைவு. கோடையில் இடம் பார்த்துப் பாத்தி போட்டால் குளிர்காலத்தில் அது நிழலில் மூழ்கிவிடும். ஊரிலிருந்து வந்த நமக்கு இது சட்டென்று உறைக்காது. சென்னையிலோ மதுரையிலோ வருடத்தில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். டெல்லி கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் இங்கே ஒருநாளும் வராது.

சரிசெய்ய எளிய வழி: குளிர்காலப் பயிரைக் கட்டடத்தின் தெற்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். அங்கே இடமில்லையென்றால் பழைய பெயின்ட் வாளிகளில், சாக்குப் பைகளில் போட்டு வெயில் விழும் இடத்தில் வையுங்கள். புதினா, வெந்தயக் கீரை போன்றவை அரை நிழலையும் கொஞ்சம் தாங்கும், அவற்றை நிழல் பாத்தியில் விடலாம்.

ஆனால் அவசரமாக மாற்றிவிடாதீர்கள், இதிலிருந்து கிடைக்கும் பாடம் பெரியது. ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, டிசம்பர் 21 வாக்கில் பகல் பன்னிரண்டேகால் மணியளவில் நிழலை அளக்கச் சொல்லுங்கள். இங்கே 128 சென்டிமீட்டர் பக்கம் வரும். அதே நாளில் மதுரையில் இருக்கும் மாமா பிள்ளைகளிடமோ சித்தி பிள்ளைகளிடமோ போனில் சொல்லி அளக்கச் செய்தால் அங்கே 66 சென்டிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். எங்கள் வகுப்பில் ஒரு பையனின் தாத்தா மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பை அளந்து எண்ணை வாட்ஸப்பில் அனுப்பினார். கம்பின் உயரத்தை அனுப்ப மறந்துவிட்டார். உயரம் தெரியாமல் நிழலை ஒப்பிட முடியாது என்று அந்தப் பையனே திரும்பப் போன் செய்து கேட்டான். விகிதம் என்றால் என்ன என்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காய்க்கும்போது பிள்ளைகள் இல்லை

டெல்லிப் பள்ளித் தோட்டங்களில் மனதை அதிகம் வருத்துவது இதுதான். மார்ச் கடைசியில், தேர்வு முடிந்த மகிழ்ச்சியில், வெண்டையும் சுரையும் விதைத்தோம். வெண்டை காய்க்க 50 முதல் 55 நாள். மே இரண்டாம் வாரம் கோடை விடுமுறை. முதல் காய் வந்தபோது பள்ளியில் காவலாளி மட்டும் இருந்தார். ஜூலையில் திரும்பியபோது காய்ந்த தண்டும் இடுப்பளவு களையும் எங்களை வரவேற்றன. ஏப்ரல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிய ஒரு சிறுமி அந்தப் பாத்தியருகே நின்றுவிட்டு ஒன்றும் பேசாமல் வகுப்புக்குப் போனாள். அதற்குப் பிறகு பின்னாலிருந்து எண்ணாமல் எதையும் விதைப்பதில்லை.

விடுமுறைக்கு முந்தைய கடைசி வாரத்தைச் சுவர் நாள்காட்டியில் வட்டம் போடுங்கள். அங்கிருந்து பயிரின் நாட்களைக் கழித்து வாருங்கள். வெண்டைக்கு மார்ச் இரண்டாம் வாரம் வரும். அதைத் தாண்டினால் அந்த வருடத்துக்கு வெண்டை வேண்டாம், 30 நாளில் அறுக்கும் முளைக்கீரை போடுங்கள். சுரைக்கு இன்னும் நாள் வேண்டும். ஜனவரி கடைசியில் காகிதக் கப்பில் விதைத்து, வெயில் விழும் ஜன்னலோரம் வைத்து, இரவில் பிளாஸ்டிக் தாளால் மூடி நாற்றாக்குங்கள். பிப்ரவரி முடிவில் பாத்திக்கு மாற்றினால் ஏப்ரல் பின்பாதியில் காய் பறிக்கலாம். தேர்வுக் காலமாயிற்றே என்று கேட்பீர்கள். ஜன்னலோரக் கப்புக்கு ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் போதும்.

விடுமுறையில் பாத்தியை வெறுமனே விடாதீர்கள். மண்ணை நன்றாக நனைத்து, கண்ணாடி போலத் தெளிவான பாலித்தீன் தாளை இழுத்து விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து விடுங்கள். கறுப்புத் தாள் இந்த அளவு சூடேற்றாது. மே, ஜூன் வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் மூடியிருந்தால் மேல்மண்ணில் இருக்கும் களை விதைகளில் பெரும்பகுதி வெந்துவிடும். ஒரு பாத்தியை மூடாமல் விட்டு வையுங்கள். ஜூலையில் இரண்டிலும் ஒரு சதுர அடிக்கு எத்தனை களை என்று எண்ணினால் பள்ளி திறந்த முதல் வாரத்துக்கே பாடம் கிடைத்துவிடும்.

முள்ளங்கி இலையாகவே வருகிறது, கிழங்கு இல்லை

நெருக்கமாக விதைத்திருப்பீர்கள். ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்று என்று கலைத்துவிடுங்கள். பிடுங்கியதைப் பொரியலுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். அதுவும் இல்லையென்றால் ரகம் பருவத்துக்குப் பொருந்தவில்லை. பூசா சேத்கி வெயில் காலத்துக்கானது, பூசா ஹிமானி குளிருக்கானது. இரண்டையும் உருவாக்கிய இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் டெல்லியிலேயே, பூசா வளாகத்தில் இருக்கிறது. விதைப் பொட்டலத்தில் ரகத்தின் பெயரும் விதைக்கும் மாதமும் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

நாலு பேர் வேலை செய்கிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்

நாற்பது பிள்ளைகள், ஆறு குர்ப்பி (கைக்களைக்கொத்து), நாற்பது நிமிடம். இதில் சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கருவிகளை அதிகம் வாங்கினால் தீரும் என்று நினைத்தேன், தீரவில்லை. வேலையைப் பிரித்ததும் தீர்ந்தது. பத்துப் பேர் மண்ணில், பத்துப் பேர் அளவுகோலோடு, பத்துப் பேர் பூச்சி தேடி, பத்துப் பேர் வகுப்பறையில் நோட்டோடு. அடுத்த வாரம் சுழற்சி. எல்லோரும் ஒரே நேரத்தில் மண்ணில் இறங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பீரியட் நேரத்தையும் பருவத்தோடு மாற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஏப்ரலிலும் ஜூலையிலும் முதல் பீரியட், டிசம்பர் ஜனவரியில் பனி விலகிய பிறகு நாலாவது பீரியட். எங்களுக்கு வருடம் முழுக்க மூன்றாவது பீரியட் தந்திருந்தார்கள். ஜனவரியில் விரல் விறைத்தது, ஏப்ரலில் தலை சுற்றியது. பிள்ளைகளுக்குத் தோட்டம் பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட இருந்தேன்.

இன்னொன்று, மாலி பையா (இந்தியில் அண்ணா) எல்லாவற்றையும் தானே செய்துவிடுவது. அவருக்கு நம் மேல் அன்பு, பாத்தி அழகாக இருக்க வேண்டும் என்ற அக்கறை. அவரிடம் ஒரு பாத்தியைக் காட்டி, "பையா, இதை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள், கெட்டாலும் பரவாயில்லை" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மாதம் ஒரு வகுப்பை அவரே எடுக்கட்டும். எங்கள் மாலி கோதுமை விளையும் ஊரிலிருந்து வந்தவர். கதிரைக் கையில் கசக்கி ஊதி, பால் பிடித்திருக்கிறதா என்று அவர் காட்டிய நாளைப் பிள்ளைகள் மறக்கவில்லை.

மண் மேல் வெள்ளைப் படலம், இலை நுனி கருகல்

போர்வெல் தண்ணீரின் உப்பு. தென்மேற்கு டெல்லியில் இது அதிகம். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் சிக்கனம் என்று செடிக்கு ஊற்றும் பள்ளிகள் உண்டு. அதில் உப்பு இன்னும் கூடுதல், தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, நாற்றுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் மழைநீரும் கொடுங்கள். ஒரு தட்டில் போர்வெல் நீர், ஒரு தட்டில் மழைநீர் வைத்து வெயிலில் ஆவியாக விட்டால் உப்பு எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளே காட்டிவிடுவார்கள். தட்டுகளை அன்றன்றே காயவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளையும் வாரம் ஒரு முறை கொட்டித் துடையுங்கள். ஜூலை முதல் நவம்பர் வரை டெங்குக் கொசுவுக்கு அந்தக் கொஞ்சம் தண்ணீரே போதும்.

ஜனவரி கடைசியில் கடுகுப் பூவில் அசுவினி மொய்க்கிறது

செடியின் சாற்றை உறிஞ்சும் இந்தச் சின்னப் பூச்சி, மேகமூட்டமும் ஈரமும் சேர்ந்தால் வரும். உடனே மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். பிள்ளைகள் தொடும் தோட்டத்தில் பூச்சிமருந்துக்கு இடமில்லை, அதில் எனக்குச் சமரசம் கிடையாது. முதலில் ஒரே ஒரு பூங்கொத்தைக் கிள்ளி, வெள்ளைக் காகிதத்தில் தட்டி எண்ணச் சொல்லுங்கள். அடுத்த வாரம் மறுபடி. இதற்குள் பொறிவண்டு வந்திருக்கும். அதன் புழு கறுப்பாக, முதலை மாதிரி இருக்கும். கெட்ட பூச்சி என்று நினைத்துப் பிள்ளைகள் நசுக்கிவிடுவார்கள், படத்தை முன்பே காட்டிவிடுங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து, தேனீக்கள் அடங்கிய மாலையில் பெரியவர் ஒருவர் தெளிக்கட்டும். ஒரு பாத்தியை மட்டும் தெளிக்காமல் விட்டுப் பாருங்கள். எங்கள் பாத்தியில் ஒரு வருடம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே முடிந்தன.

நவம்பரில் வெளியே போகவே முடியவில்லை

காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டினால் மிகக் கடுமையான நிலை. அப்போது தோட்டப் பீரியட் வேண்டாம், ஆசையிருந்தாலும் வேண்டாம். 2023 நவம்பரில் குளிர்கால விடுமுறையையே 9 முதல் 18 வரை என்று முன்னால் கொண்டுவந்தார்கள். 2024 நவம்பரில் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயின. ஆக, குளிர்காலப் பயிரில் பிள்ளைகள் கைவைக்க வேண்டிய வேலைகளை அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். பாலக், வெந்தயம், முள்ளங்கி, பட்டாணி எல்லாம் அப்போது போடலாம். கோதுமைக்கு மட்டும் நவம்பர் நடு தேவை, அதை மாலி விதைக்கட்டும்.

வீட்டிலிருக்கும் நாட்களுக்கு வெந்தயம். சமையலறை டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன், தயிர் டப்பாவில் மண், ஜன்னலோரம். நான்கைந்து நாளில் முளைத்துவிடும். ஆர்.கே.புரத்தில் தரைத்தளத்தில் இருப்பவளின் செடிக்கும் மயூர் விஹாரில் எட்டாவது மாடியில் இருப்பவனின் செடிக்கும் ஏன் உயரம் வேறு என்று ஆன்லைன் வகுப்பில் பேச அரை மணி போதாது. பள்ளி திறந்ததும் ஒரு பெரிய இலையில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் எடுத்து வைத்த தாளோடு பக்கத்தில் வைத்தால் புழுதி கண்ணுக்குத் தெரியும்.

தோட்டம் பசுமையாக இருக்கிறது, பிள்ளைகள் ஒன்றும் கற்றதாகத் தெரியவில்லை

பார்வையாளர்கள் பாராட்டிவிட்டுப் போவதால் இது வெளியே தெரியாது. "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "செடி நட்டோம் மிஸ்" என்று நிற்பார்கள். நடுவதற்கு முன் ஊகத்தை எழுதி வாங்கவில்லை என்பதுதான் குறை. எத்தனை நாளில் முளைக்கும், எவ்வளவு விளையும் என்று ஒவ்வொருவரும் ஒரு எண் எழுதட்டும். தப்பான எண்ணை அழிக்க விடாதீர்கள்.

கோதுமைதான் இதற்கு ஏற்றது. ஒரு சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் விதை. நன்றாக விளையும் வயலில் ஒரு ஹெக்டேருக்கு நான்கைந்து டன் கிடைக்கும், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 400 முதல் 500 கிராம். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்றால் பதினைந்து சப்பாத்தி. நம் பாத்தியில் அதைவிடக் குறையும். "என் டிபன் பாக்ஸுக்கு ஒரு வருடத்துக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?" என்ற கேள்வி எங்கள் வகுப்பில் அப்படித்தான் பிறந்தது. அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இங்கே பள்ளி நாள்காட்டி இன்னொரு முறை இடிக்கும். நவம்பரில் விதைத்த கோதுமை ஏப்ரலில்தான் முற்றும், ஏப்ரல் முதல் தேதியோ பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள். புதிய வகுப்பாசிரியரிடம் மார்ச்சிலேயே பேசி, ஏப்ரல் நடுவில் வரும் பைசாகி அறுவடைத் திருநாள் வாக்கில் ஒரு பீரியட் கடன் வாங்கிவிடுங்கள். வளர்த்தவர்கள் அறுக்கட்டும், புதிதாக வந்தவர்கள் எடை போடட்டும். அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்கும் கோதுமையை நன்றாகக் காயவைத்து, காகித உறையில் போட்டு, விதைத்த தேதி, அறுத்த தேதி, பாத்தி எண், கிடைத்த எடை நான்கையும் உறை மேலேயே எழுதி, அறுத்த கைகளிலிருந்து எடை போட்ட கைகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.